தானே பிரேக் பிடிக்கும் காரோடு குடித்தனம்: வாசகர் கேள்விகள்

2021-ல் எம்ஜி ஆஸ்டரும் மஹிந்திரா எக்ஸ்யூவி 700-ம் வந்தபோது ஏடாஸ், அதாவது கேமராவும் ரேடாரும் வைத்து ஓட்டுகிறவருக்கு உதவும் வசதிகள், ஷோரூமில் காட்டும் வித்தையாகத்தான் இருந்தது. அதற்குப் பின் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, கியா செல்டோஸ், டாடா ஹாரியர் என்று வரிசையாக வந்துவிட்டது. "வாங்கலாமா?" என்று கேட்டவர்கள் இப்போது "வாங்கிவிட்டேன், இது ஏன் இப்படிச் செய்கிறது?" என்று கேட்கிறார்கள். அவற்றில் சில இங்கே.

ஓசூர் டவுனுக்குள் யாராவது குறுக்கே வந்தால் கார் தானே சடாரென்று பிரேக் போடுகிறது. பின்னால் வருகிறவர் இடித்துவிடுவாரோ என்று பயம். அணைத்து வைக்கட்டுமா?

அணைக்காதீர்கள். முதலில் செட்டிங்கில் எச்சரிக்கை நேரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சீக்கிரம், சாதாரணம், தாமதம் என்று பெரும்பாலான கார்களில் மூன்று நிலை உண்டு. ஊருக்குள் ஓட்டும்போது தாமதத்தில் வைத்தால் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

முன்னால் உள்ள வண்டிக்கும் உங்களுக்கும் எத்தனை அடி இடைவெளி என்பது மட்டுமே காரின் கணக்கு அல்ல. இடைவெளி என்ன, நீங்கள் எவ்வளவு வேகத்தில் அதை நெருங்குகிறீர்கள் என்ற இரண்டையும் வைத்து, மோத இன்னும் எத்தனை விநாடி இருக்கிறது என்று பார்க்கிறது. ஒரு மீட்டர் இடைவெளியில் ஊர்ந்து போனால் சும்மா இருக்கும். பத்து மீட்டர் தள்ளி இருந்தாலும் ஆக்ஸிலரேட்டரை விடாமல் நெருங்கினால் கத்தும். நம்மில் பலர் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்துப் பழகியவர்கள். காலைக் கொஞ்சம் முன்கூட்டியே எடுக்கப் பழகினால் கார் தலையிட வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

பின்னால் வருகிறவர் விஷயம். கார் தானே பிரேக் போட்டாலும் பிரேக் லைட் எரியும். போதிய இடைவெளி விட்டு வர வேண்டியது பின்னால் வருகிறவர் பொறுப்பு என்று 2017-ஆம் வருட மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. சரி, சட்டம் உங்கள் பம்பரைச் சரிசெய்து தராதுதான். ஆனால் முன்னால் ஒரு ஆளை இடிப்பதோடு ஒப்பிட்டால் பின் பம்பர் நசுங்குவது சின்னச் செலவு.

முன்னால் எதுவுமே இல்லாதபோது ஒரே இடத்தில், உதாரணமாக மேம்பால நிழலிலோ சாலையில் போட்ட இரும்புத் தகட்டின் மீதோ, திரும்பத் திரும்பப் பிரேக் விழுந்தால் அது வேறு. கேமரா முன் உள்ள கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் தொடர்ந்தால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். காரை இன்னொரு வண்டி கட்டி இழுக்கும்போதும், உருளைகள் மேல் ஏற்றி பிரேக் சோதிக்கும்போதும் மட்டும் இந்த வசதியை அணைத்து வையுங்கள்.

இரவில் நான்கு வழிச்சாலையில் 100-ல் அடாப்டிவ் க்ரூஸ் (முன் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டுப் போகிறேன். ஓரத்தில் லைட் போடாமல் லாரி நின்றால் கார் நின்றுவிடும் அல்லவா? (நாமக்கல்)

நின்றுவிடும் என்று நம்பி ஓட்டாதீர்கள். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கார்களின் முன்பக்க ரேடார் பொதுவாக 77 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கிறது. எதிரே உள்ள பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது என்பதை அது அருமையாகச் சொல்லும். ஓடுகிற வண்டியைப் பின்தொடர்வதில் அதற்கு நிகரில்லை. சிக்கல் அசையாப் பொருளில் வருகிறது. சென்டர் மீடியன் கம்பி, வழிகாட்டிப் பலகை, பாலத்தின் தூண், நடு ரோட்டில் நிற்கும் லாரி ஆகிய எல்லாமே ரேடாருக்கு "நகராத ஒன்று"தான். அத்தனைக்கும் பிரேக் போட்டால் கார் சேலம் போய்ச் சேராது. அதனால் அதிக வேகத்தில், நகராத எதிரொலிகளைப் பெரும்பாலும் தள்ளிவிடும்படிதான் மென்பொருளை எழுதியிருக்கிறார்கள். "இது வண்டிதான்" என்று கேமராவும் உறுதி சொன்னால்தான் முழு பிரேக் விழும்.

இரவில் கேமரா என்ன பார்க்கும்? பின் விளக்கு எரியாத, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மண்ணால் மூடிய லாரி அதற்கும் இருட்டுதான். வெளியே நீட்டிய கம்பிகள், வைக்கோல் பாரம், கரும்பு டிராக்டர் போன்றவற்றின் பின்பக்கம் அது பழகிய வண்டி உருவத்தில் இல்லை. அப்புறம் இன்னொரு ஆபத்து. உங்களுக்கு முன்னால் ஒரு கார் போகிறது, நீங்கள் அதைப் பின்தொடர்கிறீர்கள். அந்தக் கார் கடைசி நேரத்தில் விலகுகிறது. அதற்கு முன்னால் ஒரு லாரி நிற்கிறது. "முன்னால் இருந்தவர் போய்விட்டார், வழி காலி" என்று க்ரூஸ் வேகத்தைக் கூட்டத் தொடங்கவும் வாய்ப்புண்டு.

100 கி.மீ. வேகத்தில் கார் விநாடிக்குச் சுமார் 28 மீட்டர் போகிறது. நீங்கள் பார்த்து, உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி எடுத்தால் அதற்குள்ளேயே 42 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 50 மீட்டர் வேண்டும். லோ பீம் அந்த மொத்தத் தூரத்துக்கு வெளிச்சம் தராது. ஆகவே இரவில் க்ரூஸை 80-க்கு மேல் வைக்காதீர்கள். இடைவெளியை அதிகபட்ச அளவில் வையுங்கள். பிரேக் மீது கால் தயாராக இருக்கட்டும். ராங் சைடில் வரும் பைக், மீடியன் இடைவெளியில் நுழையும் மாடு இவற்றுக்கும் இதே பதில்தான். நேர் எதிரே வரும் வண்டிக்கும் விலங்குகளுக்கும் பெரும்பாலான கையேடுகள் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

கை ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது. ஆனாலும் "கையை வையுங்கள்" என்று திட்டுகிறது.

பல கார்களில் உங்கள் தொடுகையை அறியும் சென்சார் கிடையாது. ஸ்டியரிங்கில் சின்ன திருகு விசை வருகிறதா என்றுதான் பார்க்கிறது. நேர் ரோட்டில் அசையாமல் பிடித்திருந்தால் கை இல்லை என்று நினைத்துக்கொள்ளும். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஒரு பக்கம் லேசாக எடை கொடுத்தால் போதும். தண்ணீர் பாட்டிலைச் செருகி ஏமாற்றும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்து காட்டுகிறவரோடு ஒரே காரில் ஏறாதீர்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்காரரைத் தவிர்க்க விலகினால் ஸ்டியரிங் எதிர்த்து இழுக்கிறது. இது ஆபத்தில்லையா?

இண்டிகேட்டர் போட்டீர்களா? போட்டால், காரைக் கோட்டுக்குள் பிடித்து வைக்கும் லேன் கீப் விலகி நிற்கும். போடாமல் கோட்டைத் தாண்டினால், தூக்கத்தில் சாய்கிறீர்கள் என்று அது முடிவு செய்கிறது. அந்த இழுப்பு லேசானதுதான், யாரும் சுலபமாக மீறித் திருப்பலாம். பயத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிடுவதுதான் ஆபத்து.

இன்னொன்று, கேமராவுக்குக் கோடு வேண்டும். அகலப்படுத்தும் பணி நடக்கும் இடங்களில் பழைய கோடு பாதி அழிந்தும் புதிய கோடு பாதி போட்டும் கிடக்கும். வெயிலில் பளபளக்கும் தார் ஒட்டுகளைக்கூட அது கோடென்று எடுத்துக்கொள்வதுண்டு. நடுத்தடுப்பு உள்ள நான்கு வழிச்சாலையில் லேன் கீப் இருக்கட்டும். இருவழிச் சாலையிலும் பணி நடக்கும் இடத்திலும் வெறும் எச்சரிக்கை மட்டும் வரும்படி வையுங்கள். பெரும்பாலான கார்களில் இது சுமார் 60 கி.மீ.க்கு மேல்தான் விழிக்கும் என்பதால் ஊருக்குள் தொந்தரவு இல்லை.

கல் தெறித்து முன் கண்ணாடி மாற்றினேன். அதிலிருந்து ஏடாஸ் விளக்கு எரிகிறது. கண்ணாடி மாற்றியவர் "ஓட ஓட சரியாகிவிடும்" என்கிறார். (கரூர்)

சில கார்களில் அவர் சொல்வது பாதி உண்மை. ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா, புதுக் கண்ணாடியில் முன்பிருந்த அதே கோணத்தில் உட்காராது. எனவே கேலிபிரேஷன், அதாவது கேமராவின் பார்வையை மறுபடி அளந்து சரிசெய்வது, செய்ய வேண்டும். இதில் இரண்டு வகை. ஒன்று, சமதளத் தரையில் காரை நிறுத்தி, முன்னால் அளந்து வைத்த பலகையைக் கேமராவுக்குக் காட்டுவது. மற்றது, ஸ்கேனரைச் செருகிக்கொண்டு, கோடு தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டுவது. உங்கள் மாடலுக்கு எது, அல்லது இரண்டுமா என்பதைக் கம்பெனிதான் சொல்லும். இரண்டாவது வகையிலும் ஸ்கேனரில் அந்த வேலையைத் தொடங்கி முடித்தாக வேண்டும். சும்மா ஆபீஸுக்குப் போய்வந்தால் ஆகாது.

ஒரு டிகிரி பிசகினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு டிகிரி பிசகு 100 மீட்டர் தூரத்தில் ஒன்றே முக்கால் மீட்டராகிறது. நம் நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலமே மூன்றரை மீட்டர்தான். பக்கத்து லேனில் போகிறவருக்காக உங்கள் கார் பிரேக் போடும். உங்களுக்கு நேர் முன்னால் இருப்பவரை விட்டுவிடும்.

கண்ணாடியும் கேமரா பொருத்தும் இடம் கொண்ட, உங்கள் மாடலுக்கான கண்ணாடியாக இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸில் செய்வதானால், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) இருந்தாலும் கேலிபிரேஷன் கட்டணம் சேருமா என்று வேலை தொடங்குமுன் கேளுங்கள். எஸ்டிமேட்டில் அதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். முடிந்ததும் ஸ்கேனர் ரிப்போர்ட்டின் பிரதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

பின் பம்பரில் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த பிறகு பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை (பக்கக் கண்ணாடியில் தெரியாத வண்டியைச் சொல்வது) சரியாக வரவில்லை.

அந்த ரேடார் பம்பரின் இரு மூலைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பெயின்ட்டின் ஊடாகத்தான் அது பார்க்க வேண்டும். தடியாகப் பட்டி பூசினாலோ, மெட்டாலிக் பெயின்ட்டை அடுக்கடுக்காக ஏற்றினாலோ அலை மங்கிவிடும். உள்ளே இருக்கும் பிராக்கெட் வளைந்திருக்கவும் கூடும். அந்த மூலைகளில் அடி பட்டால் டிங்கரிங் வேண்டாம். பம்பரையே மாற்றுவது நல்லது.

ஆயுத பூஜை அன்று மாலை போட்டு, சந்தனம் வைத்து எடுத்தால் "ரேடார் மறைக்கப்பட்டுள்ளது" என்று வருகிறது. கோளாறா? (திருநெல்வேலி)

கோளாறில்லை, சொன்னது உண்மைதான். லோகோவுக்குப் பின்னாலோ கீழ் க்ரில்லிலோ ரேடார் இருக்கும் கார்களில், ஈரச் சந்தனமும் கனத்த மாலையும் அதன் கண்ணைக் கட்டிவிடும். ரேடார் எங்கே என்று கையேட்டில் பார்த்துக்கொண்டு, பொட்டைப் பானட்டில் வையுங்கள். வாழைக்கன்றை ஓரமாகக் கட்டுங்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் நம்பர் பிளேட் ஓரத்தில் தொங்கலாம். பூஜை முடிந்து ஊர் சுற்றிவிட்டு மாலையைக் கழற்றி, சந்தனத்தைத் துடைத்தால் செய்தி தானே மறையும்.

சாமி தொடர்பாகவே இன்னொன்று: டேஷ்போர்டில் பளபளக்கும் பித்தளைப் பிள்ளையாரோ வெள்ளைத் துண்டோ வைத்தால் அதன் பிம்பம் கண்ணாடியில் விழுந்து கேமராவைக் குழப்பும். ஃபாஸ்டேக்கைக் கேமராவுக்கு நேர் முன்னால் ஒட்டிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். முன்னால் இரும்புக் கிராஷ் கார்டு மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அதன் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ரேடாருக்கும் ஏர்பேகுக்கும் அது எதிரி.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் க்ரூஸ் போட்டு இறங்கலாமா?

கூடாது. இறக்கத்தில் வேகத்தைப் பிடித்து வைக்கப் பல கார்கள் பிரேக்கைத்தான் தொடர்ந்து அழுத்துகின்றன. எல்லாக் கார்களும் கியரைக் குறைப்பதில்லை. பிரேக் சூடேறினால் பிடிமானம் குறையும். வளைவில் முன்னால் போகும் லாரி ரேடாரின் பார்வையிலிருந்து நழுவினால், வழி காலி என்று கார் வேகமெடுக்கப் பார்க்கும். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது நியூட்ரலில் வரும் லாரி பின்னால் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கியரைக் குறைத்து, இன்ஜின் பிடிப்பில் இறங்குங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதேதான். லேன் கீப் அங்கே சத்தமில்லாமல் கைவிட்டுவிடும்.

அப்பாவுக்கு 67 வயது, ஊருக்குள்தான் ஓட்டுவார். லெவல் 1 போதுமா, லெவல் 2 வேண்டுமா?

எண்ணைப் பார்க்காதீர்கள், வசதிப் பட்டியலைப் பாருங்கள். வேகம், ஸ்டியரிங் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் தொடர்ந்து உதவினால் லெவல் 1. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் உதவினால் லெவல் 2. இரண்டிலும் ஓட்டுகிறவர்தான் பொறுப்பு. ஊருக்குள் ஓட்டும் அப்பாவுக்கு அடாப்டிவ் க்ரூஸ் எதற்கு? தானியங்கி பிரேக்கும், பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையும், ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வருவதைச் சொல்லும் வசதியும்தான் அவருக்குப் பயன்படும். கழுத்தைத் திருப்பச் சிரமப்படும் வயதில் கடைசி இரண்டும் பெரிய உதவி. பின்பக்க ரேடார் இல்லாத, முன் கேமரா மட்டுமுள்ள கார்களில் அவை இரண்டும் பெரும்பாலும் இருக்காது என்பதால் வேரியன்ட்டைச் சரிபார்த்து வாங்குங்கள். பட்ஜெட் இடித்தால் என் ஓட்டு ஆறு ஏர்பேகுக்கும், கார் சறுக்காமல் காக்கும் இஎஸ்சிக்கும்தான். ஏடாஸ் அதற்குப் பிறகு.

மேனுவல் கியர் காரில் அடாப்டிவ் க்ரூஸ் வீண்தானே?

ஹைவேயில் வீணில்லை. முன் வண்டி வேகம் குறைத்தால் இதுவும் குறைக்கும், கியரை மட்டும் நீங்கள் மாற்ற வேண்டும். வேகம் மிகவும் இறங்கினால் விட்டுவிடும். நெரிசலில் நின்று நின்று போக ஆட்டோமேட்டிக்தான்.

80-ஐத் தாண்டினால் வரும் பீப் சத்தத்தை ஏடாஸ் மெனுவில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், அணைக்க வழியில்லை.

அது ஏடாஸே இல்லை. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களுக்குச் சட்டப்படி வந்தது. 80-க்கு மேல் விட்டு விட்டு ஒலிக்கும், 120-க்கு மேல் நிற்காமல் ஒலிக்கும். ஒயரைக் கழற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடைகளுக்குப் போய் வாரண்டியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 79-ல் ஓட்டுங்கள், கேட்காது.