48 மணியா 40 மணியா: முதலில் ஆள் கணக்கு

சம்பளம் குறையாமல் முதியோர் இல்ல ஊழியர்களின் வார வேலையை 48 மணியிலிருந்து 40 ஆக்கினால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை நேரத்தைக் குறைத்து ஜெயித்த ஐ.டி. கம்பெனிக் கதைகளை நம்பி இறங்காதீர்கள். அங்கே வெட்டி மீட்டிங்கைக் குறைத்தே நேரத்தை மீட்கலாம். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைக் குளிப்பாட்டுவதை வேகப்படுத்த முடியுமா?

இரவும் பகலும் ஓர் ஆள் இருக்க வாரம் 168 மணி. 48ஆல் வகுத்தால் 3.5 பேர், 40 என்றால் 4.2. சம்பளச் செலவு 20 சதவீதம் ஏறும். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 2015-16இல் ஒரு முதியோர் இல்லம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வேலையைச் சோதித்தது. மருத்துவ விடுப்பு குறைந்தது. ஆனால் கூடுதலாக 17 பேரை எடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம், உங்களிடம் வருடத்துக்கு எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள்? நிறைய என்றால், நேரம் குறைவதால் ஆட்கள் நிலைத்து, புது ஆள் தேடும் செலவு மிச்சமாகலாம்; இரவு ஷிப்டில் மட்டும் மூன்று மாதம் முயன்று பாருங்கள்.