களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் படிக்கப் போனால்

அண்ணாச்சி,

போனில் நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "மகள் திருவனந்தபுரத்தில் படிச்சா ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?" கிடைக்கும் என்றும் சொல்லலாம், கிடைக்காது என்றும் சொல்லலாம். அதனால்தான் அன்றைக்கு மழுப்பிவிட்டு இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் வெளி மாநிலம் என்றே தோன்றுவதில்லை. 1956 நவம்பர் 1 வரை நமக்கும் அதுதானே தலைநகரம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் இன்றும் வண்டி அங்கேதான் போகிறது. சாலைக் கடைத்தெருவில் தமிழிலேயே விலை பேசலாம். தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த பெ. சுந்தரம் பிள்ளை தத்துவப் பேராசிரியராக இருந்ததும் அந்த ஊர்க் கல்லூரியில்தான். ஆனால் உதவித்தொகைக்கு இந்த உறவெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளை செக்போஸ்ட் மட்டும்.

செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை, மூத்தவன் ஐடிஐ முடித்துவிட்டு வளைகுடாவில் இருக்கிறான். அப்படியானால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை மகளுக்கு உண்டு. ஆனால் தமிழ்நாட்டுக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சீட் எடுத்தால்தான். அவள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதால் அது அவளுக்கு வராது. ஆறாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இங்கே கல்லூரியில் சேர்ந்தால் வரும். 2024 டிசம்பர் கடைசியில்தான் உதவிபெறும் பள்ளிப் பெண்களுக்கும் அதை நீட்டித்தார்கள். பக்கத்து வீட்டில் யாரோ "எய்டட் ஸ்கூலுக்குக் கிடையாது" என்றார்களாமே, அது பழைய கதை.

அந்தப் பக்கம் போனால்? கேரள அரசின் இட ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் கேரளத்துப் பிள்ளைகளுக்கு. அதில் நாம் குறைசொல்ல ஒன்றுமில்லை, நம் அரசும் அப்படித்தான் செய்கிறது. செக்போஸ்ட்டைத் தாண்டி வருவது பெரும்பாலும் டெல்லிப் பணம்தான், அதாவது மத்திய அரசு தருவது.

அதில் உங்களுக்குப் பொருந்துவது இரண்டு. ஒன்று, மத்தியத் துறை உதவித்தொகை. பிளஸ் டூவில் அந்தந்த போர்டின் மேல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் மூன்று வருடம் ஆண்டுக்கு 12,000, ஐந்தாண்டுப் படிப்பு என்றால் நாலாவது, ஐந்தாவது வருடங்களில் 20,000. இன்னொன்று அறிவியல் படிப்புக்கான இன்ஸ்பயர் உதவித்தொகை, வருடம் 80,000. அதில் 60,000 கையில் வரும், மீதி 20,000 கோடை ஆய்வுக்கு. அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்குத்தான் அது, போர்டில் மேல் 1 சதவீதத்துக்குள் வருவது அதற்கு முக்கியமான வழி. பொறியியலுக்குக் கிடையாது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது மகள் சொல்லும் ஐசருக்கு வருவோம், மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனம் அது. திருவனந்தபுரம் ஐசர் என்று பெயர், ஆனால் இருப்பது விதுரா. பொன்முடி போகிற வழியில், மலையடிவாரம். குழித்துறையிலிருந்து சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வரும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு அதே கணக்கை இதற்குப் போடாதீர்கள். ஹாஸ்டல்தான். வலியமலையில் இருக்கும் விண்வெளிக் கல்லூரியும் அப்படித்தான். ஆரம்ப வருடங்களில் அங்கே செலவை இஸ்ரோவே ஏற்றது, அந்தக் காலம் போய்விட்டது, இப்போது கட்டணம் உண்டு. ஐசருக்குப் பணம் பற்றாவிட்டால் பிஎம் வித்யாலட்சுமி கடன் இருக்கிறது. அடமானம் வேண்டாம், ஜாமீன் வேண்டாம். வருமானம் 8 லட்சத்துக்குள், வேறு அரசு உதவித்தொகையும் இல்லை என்றால், 10 லட்சம் வரையான கடனுக்குப் படிக்கிற காலத்து வட்டி விகிதத்தில் 3 சதவீதப் புள்ளியை அரசு ஏற்க வாய்ப்பு உண்டு. கடன் என்றதும் உங்கள் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். ஆனாலும் கந்துவட்டிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அப்புறம் அந்த ஏஜென்ட் விஷயம். "திருவனந்தபுரத்தில் நல்ல கல்லூரி, மேனேஜ்மென்ட் சீட், பாதிக்குப் பாதி ஸ்காலர்ஷிப்" என்றாராம். அண்ணாச்சி, நீங்கள் முப்பது வருடமாகப் பெயிண்ட் விற்கிறீர்கள். டப்பாவில் விலையை ஏற்றி அடித்துவிட்டுக் கழிவு கொடுப்பது உங்களுக்குத் தெரியாததா? அது ஸ்காலர்ஷிப் இல்லை, டிஸ்கவுண்ட். அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்தக் கழிவு நாலு வருடத்துக்குமா, முதல் வருடத்துக்கு மட்டுமா? கல்லூரி லெட்டர்பேடில் எழுதித் தருவார்களா? என்னிடம் வந்த ஒரு அப்பாவுக்கு இரண்டாம் வருடம்தான் தெரிந்தது, பாடம் ஒன்று அரியர் விழுந்தால் கழிவு போய்விடும் என்று.

காகிதம்தான் உங்களுக்குப் பெரிய தலைவலியாக இருக்கப்போகிறது. உங்கள் கையில் இருப்பது தமிழ்நாட்டு பி.சி. சான்றிதழ். ஐசர் கேட்பது ஓபிசி என்சிஎல், அதாவது கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ், மத்திய அரசுப் படிவத்தில், இந்த ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு அட்மிஷன் நாளில் கையைப் பிசைந்து நின்றவர்கள் நிறைய. இ-சேவையில் இன்றே விண்ணப்பியுங்கள்.

பெயர் அதைவிட முக்கியம். மகளின் மார்க் ஷீட்டை வாட்ஸாப்பில் அனுப்பினீர்களே, அதில் ஒற்றை எழுத்து இனிஷியல். ஆதாரில் உங்கள் பெயர் முழுசாக அவள் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. நமக்கு அது ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆள். தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஆதாரை வைத்துத்தான் பதிவு, பணமும் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அக்கவுன்ட் இருந்தால் போதாது. "ஆதார் சீடிங் ஆகியிருக்கா" என்று வங்கியில் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

விண்ணப்பித்துவிட்டோம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடவும் கூடாது. கல்லூரியில் ஒருவர் அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். தக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எல்லாம் சரியாகப் போட்டிருந்தாள். கல்லூரி ஆபீசில் அதைத் திறந்தே பார்க்கவில்லை, கடைசித் தேதி போய்விட்டது. 12,000 ரூபாய் போச்சு. வாரம் ஒருமுறை ஆபீஸ் வாசலில் போய் நின்று கேட்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

என் அபிப்பிராயம் கேட்டால், அந்த மேனேஜ்மென்ட் சீட்டை இப்போதே மறந்துவிடுங்கள். இரண்டு மாநிலத்துச் சலுகையும் இல்லாமல் முழுக் காசும் கொடுத்துப் படிக்க அங்கே ஒன்றும் இல்லை. மிச்சம் இருப்பது ஐசரா, இங்கே கலந்தாய்வுப் பொறியியலா என்பதுதான். பொறியியல் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் இதோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஐந்து வருடம் ஃபிசிக்ஸோடு மல்லுக்கட்ட அவளுக்கு ஆசை இருக்கிறதா, இல்லை பள்ளி டீச்சர் சொன்னதால் சொல்கிறாளா என்று நான் பேசிப் பார்க்கிறேன். அந்த அரை மணி நேரம் நீங்கள் கீழே டீக்கடையில் இருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவள் வாயைத் திறக்கமாட்டாள்.