பிள்ளைகளை வரவழைக்காதீர்கள்

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் ஆசிரியை. எங்கள் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் கென்யாவுக்குப் போகிறோம். நைரோபியின் குடிசைப் பகுதி ஒன்றில் திருச்சபை நடத்தும் பள்ளியில் ஒரு வாரம் தொண்டு செய்யப்போகிறோம். பாட்டு, கதை, விளையாட்டு சொல்லிக்கொடுத்து, வகுப்பறைச் சுவருக்கு வர்ணமும் அடித்துத் தருவோம். சென்னையில் விடுதியில் படிக்கும் என் மகன் வீட்டுக்கு வருவதால், அவனோடு கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டு 26ஆம் தேதி புறப்படுகிறோம். அங்கே அப்போது விடுமுறைதானாம். ஆனாலும் எங்களுக்காகப் பிள்ளைகளை வரவழைப்பதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஆளுக்கு 90,000 ரூபாய் ஆகும். ‘இங்கே ஏழைகள் இல்லையா?’ என்று என் கணவர் தடுக்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அதற்கு நான் வழி சொல்லப்போவதில்லை. உங்கள் கணவர் கேட்பது பழைய கேள்வி. 1903இல் திருநெல்வேலிச் சபையார் தங்கள் காணிக்கையைக் கொண்டே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்களே, அப்போது இங்கே ஏழைகள் இல்லையா? அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான, நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, தெலுங்கு கற்றுக்கொண்டு தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்குப் போய் உழைத்தார். தொலைவில் இருப்பவர்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என்னை உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட வரிதான். ‘எங்களுக்காகப் பிள்ளைகளை வரவழைப்பதாக...’ எங்கிருந்து வரவழைப்பார், அம்மா? கேட்டீர்களா?

கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். நவம்பரும் டிசம்பரும்தான் அவர்களுக்கு நீண்ட விடுமுறை. நைரோபியின் குடிசைப் பகுதிகளில் இருப்பவர்களில் ஏராளமானோர் மேற்கே கிசுமு, ககமேகா பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கிசுமு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஊருக்குப் போகும் பஸ்களில் இடம் கிடைக்காது, கட்டணமும் ஏறிவிடும். நம் பிள்ளைகள் கிளாம்பாக்கத்தில் திருநெல்வேலி பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்பதைப் போலத்தான் அங்கேயும். வருடத்தில் அந்தப் பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு இருக்கக் கிடைக்கும் நாட்கள் அவை.

நான் ஆறாம் வகுப்பு படித்தது தேரிக்காட்டுப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில். வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள் என்று, கோடை விடுமுறை தொடங்கிய பிறகும் எங்களை மூன்று நாள் நிறுத்திவைத்தார்கள். அது தெரியாமல் என்னை அழைத்துப்போகத் தாத்தா வந்துவிட்டார். ஓலைப்பட்டையில் நுங்கோடு, வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வெயிலில் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டுப் பாடினோம். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் அவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டுப் போனார். காவலாளியிடம் அவர் கொடுத்துவிட்டுப் போன நுங்கு மறுநாள் என் கைக்கு வந்தபோது புளித்துப்போயிருந்தது. வந்தவர்கள் நல்லவர்கள். ஓர் அம்மாள் என் கன்னத்தைத் தடவி, பென்சில் பெட்டி ஒன்று தந்தார். வாசலில் என் தாத்தா காத்திருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் உங்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் 26ஆம் தேதி? உங்கள் மகன் வீட்டுக்கு வருகிறான், அவனுக்குச் சமைத்துப்போட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து ஆராதனைக்குப் போக வேண்டும். சரியான காரணம். ஒரு தாய் அப்படித்தான் நாள் பார்ப்பாள். அதே 26ஆம் தேதி, ககமேகாவில் ஒரு பாட்டி தன் பேரனை நைரோபி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும், நீங்கள் பாட்டு சொல்லிக்கொடுப்பதற்காக! இல்லையென்றால் அந்தப் பிள்ளை ஊருக்கே போயிருக்காது. இரண்டில் எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள்.

தலைமையாசிரியர் சம்மதித்தாரே என்பீர்கள். அவர் எப்படி மறுப்பார்? கென்யாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி இலவசம்தான். ஆனால் குடிசைப் பகுதிகளில் அரசுப் பள்ளிகள் குறைவு. அதனால் பிள்ளைகள் கட்டணம் கட்டித் திருச்சபைப் பள்ளிகளிலும் சிறு தனியார் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். பெற்றோருக்குக் கட்ட முடியாத மாதத்தில் ஆசிரியர் சம்பளமும் இழுபடும். அப்படி ஒரு பள்ளியை நடத்துகிறவர், பன்னிரண்டு விமான டிக்கெட் வாங்க முடிந்தவர்களிடம் ‘இப்போது வராதீர்கள்’ என்று சொல்லிவிடுவாரா? விடுமுறை நாளில் பிள்ளைகளோடு வரச்சொல்லி மேலிடம் உத்தரவு போட்டால் ஆசிரியர் அறையில் நீங்கள் என்னவெல்லாம் பேசுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

போக வேண்டுமென்றால் மே மாதம் போங்கள். உங்களுக்குக் கோடை விடுமுறை, அங்கே இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு பேர் வேண்டாம், ஆசிரியைகள் இருவர் போதும். வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து, அங்குள்ள ஆசிரியைகள் எப்படி நடத்துகிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவர்கள் கேட்டால் மட்டும் கைகொடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளாவது முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். மற்ற பத்துப் பேரின் 9,00,000 ரூபாயை உங்கள் திருச்சபை வழியாக ஆசிரியர் சம்பளத்துக்கே அனுப்புங்கள். ஜனவரியில் அங்கே கட்டணமும் சீருடையும் சேர்ந்து பெற்றோரை நெருக்கும், அப்போது போய்ச் சேரட்டும். சுவருக்கு வர்ணம் அடிக்க நைரோபியில் கூலிக்கு ஆள் உண்டு.

இந்தக் கணக்கை உங்கள் கணவர் முன்னால் வைத்துப் பாருங்கள். அதற்கு முன், இன்றைக்கே அந்தத் தலைமையாசிரியருக்கு எழுதிவிடுங்கள்: டிசம்பரில் நாங்கள் வரவில்லை, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று. டிக்கெட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தால் அது போகட்டும்.