முதல் சம்பளம் வந்ததும் தனியாகப் போகலாமா?
முதல் வேலை கிடைத்துவிட்டது, வீட்டைவிட்டுத் தனியாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அதற்கு முன் 3 மாதம் வீட்டிலிருந்தபடியே ஒத்திகை பாருங்கள். சம்பளம் வந்த அன்றே வாடகை, மின்கட்டணம், சாப்பாட்டுச் செலவுக்கான தொகையை வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதியில் மாதத்தை ஓட்டுங்கள். 20ஆம் தேதியே கை வறண்டுவிட்டால், பணம் எங்கே ஒழுகுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஒதுக்கிய பணம் வீட்டு முன்பணத்துக்கு ஆகும்.

கிரெடிட் கார்டில் மட்டும் ஜாக்கிரதை. மாதம் 3 சதவீத வட்டி என்றால், கட்டாமல் விட்ட கடன் 24 மாதத்தில் இரட்டிப்பாகிவிடும்.

அப்புறம், வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு இன்னும் அப்பாவிடம் இருக்கிறதா? இன்றைக்கே மாற்றுங்கள். அவரிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள்.