ஒரு வேளைக் கறவையை நம்பலாமா? வி.பி.எஸ். சர்வர் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறு நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்து, இணையம் வழியாகப் பயன்படுத்தும் வி.பி.எஸ். சர்வர்களைப் (பெரிய கணினியின் ஒரு பங்கு) பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்தும், பழைய வட ஆர்க்காட்டின் மறுபாதியான திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: எது நல்ல சர்வர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் காலணி ஏற்றுமதி நிறுவனத்தின் ஆர்டர் கணக்கு மென்பொருளை அலுவலகக் கணினியிலிருந்து வி.பி.எஸ். சர்வருக்கு மாற்றும்படி முதலாளி சொல்லியிருக்கிறார். ஒரே சேவைக்கு ஒரு தரவரிசையில் பத்துக்கு 9.4 போட்டிருக்கிறார்கள், இன்னொன்றில் 5.8 போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? இந்த மதிப்பெண்களை எப்படித்தான் போடுகிறார்கள்?
– ஆம்பூர் வாசகர்

பதில்: இரண்டு பேருமே தாங்கள் பார்த்ததை உள்ளபடி எழுதியிருக்கக்கூடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். வி.பி.எஸ். என்பது ஒரு முழுக் கணினி அன்று. தரவு மையத்தில் இருக்கும் ஒரு பெரிய கணினியை கே.வி.எம். போன்ற மென்பொருளால் பல தடுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு தடுப்பையும் ஒருவருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஆகவே, ஒரே நிறுவனத்தில் ஒரே திட்டத்துக்குப் பணம் கட்டிய இரண்டு பேரில், ஒருவருக்குக் காலியான கணினியும் இன்னொருவருக்கு நெரிசலான கணினியும் வாய்க்கலாம். இரண்டு பேரும் சொல்வது அவரவர் கணினிக்கு மட்டுமே பொருந்தும்.

வழக்கமாக மதிப்பெண் போடுகிறவர்கள் பிராசஸர் வேகத்தை சிஸ்பெஞ்ச் அல்லது கீக்பெஞ்ச் மென்பொருளாலும், டிஸ்க் வேகத்தை ஃபியோ மென்பொருளாலும், இணைப்பின் வேகத்தை ஐபெர்ஃப் மென்பொருளாலும் அளக்கிறார்கள். இவற்றோடு விலை, உதவிப் பிரிவின் பதில், இயங்கிய நேரம் ஆகியவற்றுக்கும் தனித்தனியே மதிப்புப் போட்டு ஒரே எண்ணாகக் கூட்டிவிடுகிறார்கள். விலைக்குக் கூடுதல் பங்கு கொடுத்தவரின் பட்டியலில் மலிவான சேவை மேலே வரும்; டிஸ்க்குக்குக் கொடுத்தவரின் பட்டியலில் அதே சேவை கீழே போகும். எதற்கு எவ்வளவு பங்கு என்று வெளியிடாத மதிப்பெண்ணை நான் படிப்பதே இல்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, எத்தனை நாள் அளந்தார்கள் என்பது. செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்குப் போய் மாடு பிடித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். முதல் நாள் பால் கறக்காமல் மடி கட்டிக் கொண்டுவந்து நிறுத்திய பசு, பார்ப்பதற்கு எட்டு லிட்டர் பசுவைப் போலவே இருக்கும். விவரம் தெரிந்தவர் காலையும் மாலையும் இரண்டு வேளைக் கறவையைப் பார்க்காமல் விலை பேச மாட்டார். சர்வரிலும் அப்படி மடி கட்டும் ஏற்பாடு உண்டு. அதை மறைத்தும் வைப்பதில்லை. அமேசான் வாடகைக்கு விடும் டி3 மைக்ரோ வகை சர்வரை எடுத்துக்கொண்டால், அது ஒரு மணி நேரத்துக்கு 12 கிரெடிட் சேர்க்கும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கிரெடிட் என்பது ஒரு விசிபியு (சர்வருக்கு ஒதுக்கப்பட்ட பிராசஸர் பங்கு) ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடுவதற்கான அளவு. சேர்த்து வைத்த கிரெடிட்டைக் கொண்டு ஐந்து நிமிடச் சோதனையில் அது பெரிய சர்வர்களைப் போலவே ஓடிக் காட்டும். நாள் முழுவதும் ஓட வேண்டிய வேலையைக் கொடுத்தால் கிரெடிட் தீர்ந்து, தன் அடிப்படை அளவான பத்து சதவீதத்துக்கு இறங்கிவிடும். இறங்காமல் வைத்துக்கொண்டால் கூடுதல் கட்டணம் விழும். இது ஏமாற்று அன்று. விட்டுவிட்டு வரும் வேலைக்கு மிகவும் ஏற்ற ஏற்பாடு. ஐந்து நிமிடம் அளந்துவிட்டு ஒன்பதே கால் மதிப்பெண் போடுகிறவரைத்தான் நான் குறை சொல்கிறேன்.

அடுத்தது பணம். தரவரிசையிலுள்ள இணைப்பைச் சொடுக்கி நீங்கள் சர்வர் வாங்கினால், பட்டியல் போட்டவருக்குத் தரகு போகும் ஏற்பாடு இந்தத் தொழிலில் மிகவும் பரவலானது. விளம்பரங்கள் குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பரிந்துரைப்பவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. இணையத்தில் வரும் நுகர்வோர் மதிப்புரைகளுக்கென்று இந்தியத் தரநிர்ணய அமைவனமும் அதே ஆண்டில் ஐ.எஸ். 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. தரகு வாங்குகிறேன் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறவரின் சோதனையை நான் ஒதுக்குவதில்லை. சர்வரைத் தன் சொந்தப் பணத்தில், சாதாரண வாடிக்கையாளராக வாங்கினாரா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். சோதனைக்கென்று நிறுவனம் இலவசமாகக் கொடுத்த சர்வர், அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாத புதுக் கணினியில் வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

எனவே உங்களுக்கு நான் சொல்வது: இரண்டு பட்டியல்களையும் வைத்து மூன்று சேவைகளைத் தேர்ந்தெடுங்கள்; மூன்றிலும் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டி, உங்கள் மென்பொருளின் நகலையே அவற்றில் ஓட்டிப் பாருங்கள். ஓர் ஆண்டு சந்தாவை முதல் நாளே கட்டினால் விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் என்ன, சொன்ன விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிட்டுத்தான் அந்தக் கணக்கைப் போட வேண்டும்.

கேள்வி: காந்தி ரோட்டில் லாட்ஜ் நடத்துகிறோம். ஆஸ்பத்திரிக்காக வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் காட்பாடியில் ரயில் இறங்கி விடியற்காலையில்தான் வருவார்கள். சரியாக அந்த நேரத்தில், ஐந்தரை மணி முதல் ஆறேகால் வரை, அறை பதியும் மென்பொருள் திக்குகிறது. பிராசஸர் முப்பது சதவீதம்தான் வேலை செய்கிறது என்று எங்கள் பையன் காட்டுகிறான். சர்வர் நிறுவனமோ உங்கள் மென்பொருளில்தான் கோளாறு என்கிறது.
– வேலூர் வாசகர்

பதில்: நீங்கள் நேரத்தைக் குறித்து எழுதியது எனக்குப் பெரிய உதவி. ஐந்தரை மணி என்று படித்ததுமே ஒரு சந்தேகம் வந்தது. சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் இந்திய நேரத்தில் இருக்காது. உலகப் பொது நேரத்தில் இருக்கும். அந்தக் கடிகாரத்தில் நள்ளிரவு 12 மணி ஆகும்போது நமக்கு விடியற்காலை 5.30. தினசரி பேக்கப் (தரவை நகலெடுத்து வைப்பது), சர்வரின் பழைய பதிவேடுகளைச் சுருக்கி வைப்பது போன்ற வேலைகளை எல்லோரும் நள்ளிரவு பூஜ்ய மணிக்குத்தான் பொருத்தி வைக்கிறார்கள். உங்கள் சர்வர் இருக்கும் அதே கணினியில் நாற்பது பேர் குடியிருந்து, நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேக்கப் எடுத்தால், உங்கள் லாட்ஜ் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சர்வரில் ‘டாப்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் மேலே பிராசஸர் கணக்கு ஒரு வரியாக வரும். அந்த வரியின் கடைசியில் எஸ்.டி. என்ற இரண்டெழுத்துக்கு முன்னால் ஓர் எண் இருக்கும். உங்கள் சர்வர் வேலை செய்யத் தயாராக இருந்தும், அடியிலுள்ள கணினி அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட பங்கு அது. ஆங்கிலத்தில் அதற்குத் திருட்டு நேரம் என்றே பெயர். சத்துவாச்சாரியில் ஒரு மருந்து மொத்த வியாபாரிக்காக நான் பார்த்துக்கொண்ட சர்வரில் இதே தொல்லை இருந்தது. ஒரு நாள் அலாரம் வைத்து எழுந்து, திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 5.28க்கு அந்த எண் 0.3, 5.31க்கு 11, 5.34க்கு 26. ஆறு மணி தாண்டியதும் தானே இறங்கி மறுபடி ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. நிறுவனத்துக்கு நான்கு முறை எழுதியபோதும் உங்கள் மென்பொருளைச் சரிசெய்யுங்கள் என்றே பதில் வந்திருந்தது. ஏழு நாள் கணக்கை நிமிடத்துக்கு ஒரு வரியாகச் சேர்த்து அனுப்பிய பிறகு, ஒரு சொல்லும் மறுக்காமல் வேறு கணினிக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். இதே எண்ணைக் காட்டும் ‘வி.எம்.ஸ்டாட்’ கட்டளையை நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டி, நேரத்தோடு ஒரு கோப்பில் சேரும்படி பையனைப் பொருத்தச் சொல்லுங்கள். எப்போதாவது இரண்டு மூன்று என்று எட்டிப் பார்த்தால் கவலை வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் பத்தைத் தாண்டினால், தேவைக்கு மேல் ஆட்களை ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இவ்வளவு பேருக்கு அறை கொடுக்க வேண்டிய நேரத்தில் ஒரு நோயாளியின் குடும்பம் வரவேற்பறையில் பெட்டிகளோடு நிற்பதை நினைத்தால், பிரத்யேக பிராசஸர் உள்ள திட்டத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மட்டும்: எந்தத் தரவரிசையிலாவது இந்த எண்ணை நாள் கணக்கில் அளந்து வெளியிட்டிருந்தால், அதைப் போட்டவரை மற்றவர்களைவிட ஒரு படி மேலே வைத்து நம்பலாம்.

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். ‘டி.டி.’ கட்டளையைக் கொண்டு டிஸ்க்கைச் சோதித்தபோது விநாடிக்கு 1.8 ஜி.பி. வந்தது. அதே திட்டத்துக்கு ஒரு சோதனை அறிக்கை மிகவும் குறைவாகக் காட்டுகிறது. எது சரி?
– குடியாத்தம் வாசகர்

பதில்: நீங்கள் அளந்தது டிஸ்க்கை அன்று, ரேமை (கணினியின் தற்காலிக நினைவகத்தை). மண்டிக்கடையில் வியாபாரம் நடக்கும்போது கணக்குப்பிள்ளை சிட்டையில் மளமளவென்று குறித்துக்கொண்டே போவார். பேரேட்டில் பதிவது பிறகுதான். லினக்ஸும் எழுதச் சொன்னதை முதலில் ரேமில் குறித்துக்கொண்டு, ‘ஆயிற்று’ என்று சொல்லிவிட்டு, பின்னர்தான் டிஸ்க்கில் பதிக்கிறது. பேரேட்டில் ஏறிய பிறகே ‘ஆயிற்று’ என்று சொல்லும்படி, டைரக்ட் அல்லது டிசிங்க் என்ற விருப்பத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், எண் இறங்கிவிடும்.

அப்படி இறங்கிய எண்ணும் முழுக்கதையைச் சொல்லாது. தரவுத்தளம் ஒன்று பெரிய கோப்பை வரிசையாக எழுதிக்கொண்டிருப்பதில்லை, நான்கு கே.பி. அளவுள்ள சின்னச் சின்னத் துண்டுகளை டிஸ்க்கின் எங்கெங்கோ இருந்து எடுக்கும், எங்கெங்கோ வைக்கும். ஃபியோவில் அந்த அளவுக்கு ரேண்டம் சோதனை ஓட்டினால், சுழலும் பழைய வகை டிஸ்க் விநாடிக்கு நூற்றுச் சொச்சம் முறைதான் தாங்கும், சுழலும் பாகம் இல்லாத நல்ல என்.வி.எம்.இ. டிஸ்க் பல்லாயிரக்கணக்கில் தாங்கும். சோதனைக் கோப்பின் அளவு சர்வரின் ரேமைவிடப் பெரியதாக இருக்கட்டும். சராசரியைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். நூறு கோரிக்கைகளில் 99 இரண்டு மில்லிவிநாடியில் முடிந்து ஒன்று மட்டும் 400 மில்லிவிநாடி இழுத்தால், சராசரி ஆறுக்குள்ளேயே நிற்கும். இழுத்த அந்த ஒன்றில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் திரை உறைந்து நிற்கும். ஃபியோ 95, 99 என்று சதமான வரிசையை, அதாவது அத்தனை சதவீதக் கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பதை, கீழே அச்சிடுகிறது. நான் முதலில் கண்ணோட்டுவது அங்கேதான்.

கேள்வி: பட்டுச் சேலை விற்பனைக்குத் தளம் வைக்கப்போகிறோம். சர்வர் சென்னையிலா, பெங்களூரிலா, மும்பையிலா, சிங்கப்பூரிலா?
– ஆரணி வாசகர்

பதில்: கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். அந்தக் கணக்கில் நம் பக்கத்திலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்வர இரண்டு மூன்று மில்லிவிநாடி போதும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போய்வரக் குறைந்தது 29. இவற்றுக்குள் உள்ள வித்தியாசம் சேலை வாங்குகிறவருக்குத் தெரியாது. தகவல் நேர்கோட்டில் போவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். சில இணைப்புகளில் சென்னை சர்வருக்கே மும்பை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். உங்கள் கடை இணைப்பிலிருந்தும் ஒரு கைப்பேசி இணைப்பிலிருந்தும், தகவல் எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் போகிறது என்று காட்டும் எம்.டி.ஆர். மென்பொருளை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அமேசானுக்கு மும்பையில் 2016 முதலும் ஹைதராபாதில் 2022 முதலும், டிஜிட்டல்ஓஷன் என்ற சர்வர் நிறுவனத்துக்கு பெங்களூரில் 2016 முதலும் தரவு மையங்கள் இருப்பதால், உள்நாட்டிலேயே தேர்வு செய்ய நிறைய இடம் உண்டு.

கேள்வி: 99.9 சதவீதம் ஓடும் என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அது போதாதா?
– ராணிப்பேட்டை வாசகர்

பதில்: 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் 12 விநாடி நின்றாலும் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதாகவே கணக்கு. முன்கூட்டி அறிவித்த பராமரிப்பு நேரத்தைப் பெரும்பாலும் இதில் சேர்ப்பதில்லை. வாக்குத் தவறினால் கிடைப்பதும் அடுத்த பில்லில் ஒரு கழிவுதான். அதையும் நீங்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சோதனை அறிக்கையில் நூறு சதவீதம் ஓடியது என்று இருந்தால், எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை தட்டிப் பார்த்தார்கள் என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கிறவருக்கு நடுவில் நான்கு நிமிடம் நின்றது தெரியாமலே போகலாம்.

கேள்வி: பேக்கப் வசதிக்கு எந்தப் பட்டியலும் தனியாக மதிப்பெண் போடுவதில்லையே, ஏன்?
– வாணியம்பாடி வாசகர்

பதில்: அதை அளப்பது உழைப்பான வேலை, வேகத்தை அளப்பது எளிது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுவதும் எரிந்துபோனது. சர்வரும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தவர்களில் பலர் இரண்டையும் இழந்தார்கள். ஆகவே நிறுவனம் தரும் பேக்கப் எந்த ஊரில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அதையே உங்கள் மதிப்பெண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பேக்கப்பை முற்றிலும் வேறொரு சர்வரில் இறக்கி, கடைசி பில் வரை வருகிறதா என்று திறந்து பாருங்கள். இறக்கத் தொடங்கிய நேரத்தையும் பில் திரையில் தெரிந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, கல்லாவுக்கு மேலே ஒட்டி வையுங்கள்.