ஆசிட் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கலாமா?

பாத்ரூம் கழுவும் ஆசிடைக் குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம்.

அக்கா மகனுக்கு அப்போது மூன்று வயது. தெருவில் வருபவரிடம் வாங்கிய ஆசிட் பழைய தண்ணீர் பாட்டிலில் இருந்தது, ஒரே ஒரு வாய் குடித்தான். பக்கத்து வீட்டு அம்மா பதறிப்போய் உப்பைக் கரைத்துக் கொடுக்க, வாந்தி எடுத்தான். இறங்கும்போது உணவுக்குழாயைச் சுட்டது திரும்பி வரும்போது மறுபடியும் சுடும், மூச்சுக்குழாய்க்குள்ளும் போய்விடலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வாயைத் தண்ணீரால் கழுவித் துப்பச் சொல்லுங்கள், ஆசிட் பட்ட சட்டையைக் கழற்றுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் சொல்லாமல் எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். குடித்தது ஆசிட் இல்லை, சாக்கடை அடைப்பு எடுக்கும் காரப் பவுடர் (காஸ்டிக் சோடா மாதிரி) என்றால் எலுமிச்சைச் சாறு கொடு என்பார்கள், அதுவும் வேண்டாம், காரமும் புளிப்பும் சேர்ந்தால் உள்ளே சூடு கிளம்பும். காரம் சதையைக் கரைத்துக்கொண்டே ஆழமாகப் போகக்கூடியது. வாயில் புண் இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், வாய் சுத்தமாக இருந்தும் உள்ளே வெந்திருக்கலாம். எச்சிலை விழுங்காமல் வடியவிட்டாலோ, குரல் கரகரத்தாலோ, மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) பார்ப்பார்கள். காயத்தைத் தரம் பிரிப்பது, சண்டிகர் பிஜிஐ என்ற அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் 1991-இல் வெளியிட்ட முறைப்படிதான். இவனுக்கு 2பி, அதாவது குழாயைச் சுற்றிலும் புண்.

அப்புறம் நடந்ததுதான் யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லாதது. இரண்டு வாரத்தில் நன்றாகச் சாப்பிட்டான், சரியாகிவிட்டது என்று மறுபரிசோதனைக்குப் போகவில்லை. நான்காவது வாரம் இட்லித் துண்டு தொண்டைக்குக் கீழே நின்றுவிட்டது, தண்ணீர் கொடுத்தால் அதுவும் மூக்கு வழியாக வந்தது. புண் ஆறும்போது தழும்பு இறுகிக் குழாய் சுருங்கிவிடும், மூன்றாவது வாரத்திலிருந்தே இது ஆரம்பிக்கலாம். ஆசிட் என்றால் இரைப்பையின் கீழ்வாயும் சுருங்கலாம்.

சுருங்கிய குழாயை விரிப்பதுதான் சிகிச்சை, இவனுக்குப் பலூன் வைத்து விரித்தார்கள். ஒரு தடவையில் முடியாது. மயக்க மருந்து கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விரித்தார்கள், ஒரேயடியாக விரித்தால் குழாய் கிழிந்துவிடும். ஒன்பது முறை போனோம். இப்போது தோசை சாப்பிடுகிறான், ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணீர் வேண்டும்.