ஒஸ்கார் மீனைத் தடவலாமா, தூக்கலாமா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். என் ஒன்பது வயது மகன் வளர்க்கும் ஒஸ்கார் மீன் அவன் விரலிலிருந்தே தீனி எடுக்கிறது. இப்போது அதைத் தடவுகிறான், தூக்கிப் படமும் எடுக்கிறான். விலாவில் வெண்மையாக ஒரு திட்டு வந்திருக்கிறது. கடையில் கேட்டபோது மஞ்சள் தூள் ஒன்றைப் பொட்டலம் கட்டித் தந்தார்கள். போடலாமா? கையால் கொடுப்பதையே நிறுத்த வேண்டுமா?

பதில்: தீனி கொடுப்பதை நிறுத்த வேண்டாம். தூக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தத் தூளைத் தொட்டியில் போடாதீர்கள்.

மீனின் உடம்பை வழுவழுப்பான ஒரு சளிப் படலம் மூடியிருக்கிறது. கிருமி உள்ளே போகாமல் முதலில் தடுப்பது அதுதான். காய்ந்த கையால் பிடித்தால் அந்தப் படலம் உரிந்துவிடும், செதிலும் கழலலாம். அந்த இடத்தில் பங்கசோ பக்டீரியாவோ பிடித்துக்கொள்ளும். தூக்கும்போது பெருவிரல் அழுந்துகிற இடத்திலேயே திட்டு இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டு நாளுக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருப்பதால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள், அல்லது குளோரின் நீக்கும் திரவம் விடுங்கள். திட்டு பரவினாலோ, பஞ்சுபோல வளர்ந்தாலோ, மீன் தின்னாமல் விட்டாலோ மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

மீன் பார்க்கிற மிருக வைத்தியரைக் கொழும்பில் தேடிப் பிடிப்பது லேசான வேலை இல்லை என்று எனக்கும் தெரியும். நாய், பூனைக்கு ஆள் இருக்கிறது. மீன் என்றவுடன் கடைக்காரரே வைத்தியராகிவிடுகிறார். இப்படிப் பொட்டலத்தில் வரும் மஞ்சள் தூள் பெரும்பாலும் ஏதோ ஒரு அன்டிபயோட்டிக்தான். மருந்தின் பெயர் இருக்காது, அளவு இருக்காது, காலாவதித் திகதியும் இருக்காது. பாமசியில் வைத்தியரின் துண்டு இல்லாமல் தரக்கூடாத மருந்தை, மீன் கடையில் கரண்டியால் அள்ளித் தருகிறார்கள். யாரும் கேட்பதில்லை. எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! அந்தத் தூள் பில்டரில் வாழும் நல்ல பக்டீரியாவையும் கொல்லலாம். அவை போனால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சு தொட்டியில் ஏறும், திட்டோடு தப்பியிருக்கக்கூடிய மீன் அதனால் சாகும். அப்புறம் அதே கடையில் புது மீன் வாங்குவீர்கள்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. 'கையில் பழகின மீன்' என்று சொல்லி ஒஸ்கார், பிளவர்ஹோர்ன் என்ற இன்னொரு வளர்ப்பு மீன், இரண்டுக்கும் கூடுதல் விலை கேட்பார்கள். இரண்டு நாள் பட்டினி போட்ட ஒஸ்கார் யார் விரலுக்கும் பாய்ந்து வரும். கண்ணாடிக்கு வெளியே விரலை அசைத்தால் பிளவர்ஹோர்ன் பின்னாலேயே ஓடும், அது அந்த மீனின் இயல்பு. இதற்கு ஒரு ரூபாகூட அதிகம் கொடுக்காதீர்கள்.

இனி மகனின் கை. தீனி கொடுக்கப் போகும் முன் வெறும் தண்ணீரில் நன்றாக அலசட்டும். சோப்பு, சனிடைசர், முக்கியமாக நுளம்புக் கிறீம் எதுவும் கையில் இருக்கக்கூடாது. டெங்குக் காலத்தில் பிள்ளைகளின் கை முழுக்கக் கிறீம்தானே, அது மீனுக்கு நஞ்சு. தீனியின் நுனியைப் பிடித்து நீட்டினால் போதும், விரலை உள்ளே விட வேண்டாம். ஒஸ்காரின் பல் சிறிது, ஆனால் தோலைச் சிராய்க்கும். கொடுத்து முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கையில் வெட்டுக்காயமோ சிராய்ப்போ இருந்தால் ஆறும்வரை தொட்டிக்குள் கை வைக்கவே கூடாது. மைக்கோபக்டீரியம் மரினம் என்றொரு கிருமி மீன் தொட்டிகளில் இருக்கலாம். 1926இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன்காட்சியகத்தில் இறந்த மீன்களில் அதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். காயத்தின் வழியாகப் புகுந்தால் சில வாரம் கழித்துத்தான் விரலிலோ கையிலோ சிவந்த கட்டி வரும். வலி பெரிதாக இராது, ஆறவும் ஆறாது. மருந்து மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். வைத்தியரிடம் போனால் 'வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது' என்று நீங்களே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்கு அந்த எண்ணமே வராது. தண்ணீர் மாற்றும்போது குழாயை வாயால் உறிஞ்சுகிற பழக்கத்தையும் விடுங்கள்.

மீனைக் கையால் தூக்க வேண்டிய ஒரே ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஒஸ்கார் பாயும். மூடி திறந்திருந்தால் தரையில் கிடக்கும். அப்போது வலையைத் தேடி ஓடாதீர்கள். இரண்டு கையையும் தொட்டித் தண்ணீரில் நனையுங்கள், ஈரத் துணி பக்கத்தில் இருந்தால் அதையும் எடுங்கள். வாலைப் பிடிக்காமல், ஒரு கை தலைக்குப் பின்னால், மற்றது வயிற்றுக்குக் கீழே வைத்துத் தாங்கித் தூக்கி நேரே அதே தொட்டியில் விடுங்கள். தூசியும் முடியும் ஒட்டியிருக்கிறதே என்று குழாயின் கீழ் பிடித்துக் கழுவுகிறார்கள், அதுதான் பெரிய பிழை. குளோரின் தண்ணீர் நேரே செவுளில் படும். தூசி தொட்டிக்குள் தானாகவே கழன்றுவிடும். சில நிமிடம் தரையில் கிடந்த மீனும் பிழைக்கும், 'செத்துவிட்டது' என்று அவசரப்பட வேண்டாம். விளக்கை அணைத்து, அன்று முழுவதும் தீனி போடாமல் விடுங்கள். மூடியின் மேல் பாரமாக ஏதாவது வையுங்கள்.